பஞ்சம்மாள் கொடுத்த டைரி

தை பிறந்து நாலாம் நாள் பஞ்சம்மாள் எங்கள் நூலகத்துக்கு வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டார். மஞ்சப்பையையும் செல்போனையும் மேசைமேல் வைத்தார்.

"கையும் கழுவணுமா தாயி?"

"ஆமாம்மா. கழுவிட்டு நல்லாத் துடைச்சிருங்க. ஈரம் இருக்கக் கூடாது."

"செப்புத் தகடு எங்கன இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையும் முன் சுவரில் பதித்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டுமாம், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்கு. அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஒங்க ரூமும் எங்க ரூமு மாதிரிதான் இருக்கு. தீப்பெட்டி ஆகாது, போன் ஆகாது, நாலு பேருக்கு மேல உள்ள போகக் கூடாது. வெடிக்கிற சாமான் என்னமும் வச்சிருக்கீகளா?"

நானும் சிரித்தேன். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவருடைய இளைய மகள் பானுப்பிரியாவுக்குத் தை இருபத்தொன்றாம் தேதி கல்யாணம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டில் கன்னி கும்பிட வேண்டும். மூத்த மகள் ரோஜாவின் டைரி எங்களிடம் இருந்தது. அதை வாங்கிப் போகத்தான் வந்திருந்தார்.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. மூடி போட்ட ஓலைப் பெட்டியில் அவளுக்கென்று பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல் இருக்கும். வருஷம் ஒருமுறை பொங்கலை ஒட்டிப் பெட்டியைத் திறப்பார்கள். பழைய துணியை எடுத்து வீட்டில் கல்யாணமாகாத பெண் யாருக்காவது உடுத்தக் கொடுத்துவிட்டுப் புதுத்துணி வைப்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை அந்தப் பெட்டிக்குத்தான். துணியும் வளையலும் வருஷா வருஷம் மாறிவிடுவதால் பஞ்சம்மாள் வீட்டுப் பெட்டியில் ரோஜா தன் கையால் தொட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த டைரி. அதைப் போன ஆவணியில் நான்தான் வாங்கி வந்தேன்.

பஞ்சம்மாள் பிறந்தது தாயில்பட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் வேலை நின்றது. பன்னிரண்டு வயதில் இவர் தீப்பெட்டி ஒட்டப் போனார். கல்யாணம் முடிந்து விஸ்வநத்தத்துக்கு வந்த பிறகு பட்டாசுக் கம்பெனி. கணவர் சங்கிலிமுத்து லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், அதிகம் பேசாதவர். காலை ஆறரைக்கு வேன் வரும், சாயங்காலம் ஐந்தரைக்குக் கொண்டுவந்து இறக்கும். இருபத்தாறு வருஷமாக அவருடைய நாள் இந்த இரண்டு ஹாரன் சத்தங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. எழுதப் படிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவார். அதை ரோஜா சொல்லிக் கொடுத்தாள்.

ரோஜா விருதுநகரில் கல்லூரிக்குப் போனாள். இரண்டாம் வருஷம். சீசன் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடும். சில ஞாயிறுகளில், "நீ படுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரோஜா வேனில் ஏறிவிடுவாள். போர்மேன் கார்டைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆவணியில் ஒரு ஞாயிறு அப்படித்தான் போனாள். அன்றைக்கு அவளாகப் போகவில்லை, பஞ்சம்மாள் அனுப்பினார். பதினோரு மணிக்கு அவள் வேலை பார்த்த அறையில் விபத்து நடந்தது. நாலு பேர் இறந்தார்கள்.

காய்ச்சல் என்பதால் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்றுதான் பஞ்சம்மாள் எல்லோரிடமும் சொல்வார். நான் காகிதங்களை வாங்கப் போன அன்று முதலில் என்னிடமும் அப்படியே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல தாயி. ஆமத்தூர்ல எங்க அண்ணன் மகளுக்குச் சடங்கு. பட்டுச்சேல கட்டிக்கிட்டுச் சின்னவளக் கூட்டிட்டு அங்கன போயிட்டேன். பந்தியில ஒக்காந்து கறிச்சோறு தின்னுக்கிட்டு இருக்கேன், போன் வருது."

அடுத்த நாள் செய்தித்தாளில் இறந்தவர்கள் பெயரில் மூன்றாவதாக இருந்தது பஞ்சம்மாள். கார்டில் இருந்த பெயர். அரசாங்கக் காகிதங்களில் பிறகு சரிசெய்துவிட்டார்கள். செய்தித்தாள் திருத்தவில்லை. ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அவர் பெயர்தான். ஒரு மாதம் அது தொங்கியது. அதைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும்.

"காய்க்கடையில ஒருத்தி சொல்லுறா, செத்தவ வந்து தக்காளிக்கு வெல பேசுறா பாருங்கடின்னு. வெளாட்டுக்குத்தான் சொன்னா. நானும் சிரிச்சிட்டுத்தான் வந்தேன்."

எங்கள் நூலகத்தில் வியாபாரக் குடும்பங்களின் காகிதங்கள் நிறைய உண்டு. கடிதங்கள், பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கொழும்பிலிருந்து வந்த தந்திகள். அந்த வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள். உழைக்கிறவர்கள் வீட்டிலும் காகிதம் இருக்கும், அதையும் சேர்க்க வேண்டும் என்று சிறப்புத் தொகுப்புக்குப் பொறுப்பாளரான அய்யாதுரை சார் சொல்லிக்கொண்டே இருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரியும் என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். முதல் வீடு பஞ்சம்மாள் வீடு.

அவரிடம் இருந்தவை ஒரு பட்டாசு கிப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டன. ரோஜாவின் மதிப்பெண் பட்டியல், பஸ் பாஸ், பஞ்சம்மாளின் பழைய வருகை அட்டைகள், அந்தச் செய்தித்தாள் துண்டு. மேலாக டைரி. சிவகாசி அச்சகம் ஒன்றில் ஜூன் மாதம் இரண்டு முறை வந்து ஜூலை இல்லாமல் போனதால் கழித்துப் போட்ட டைரி அது. சங்கிலிமுத்து லோடு ஏற்றப் போன இடத்தில் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ப் பொருளும், மறுபக்கம் புள்ளிக்கோலம் என்று ரோஜா எழுதியிருந்தாள். இரண்டாவது ஜூனுக்கு மேல், "இந்த வருஷம் நமக்கு மட்டும் லீவு ஜாஸ்தி" என்று ஒரு வரி.

வீட்டுச் சுவரில் கரையான் ஏறியிருந்தது. ஓலைப் பெட்டியின் அடிப்பக்கம் அரித்துவிட்டதாகச் சொன்னார். கொடுக்கச் சம்மதித்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொன்னார்.

"ஒங்க புஸ்தகத்துல எழுதுவீகள்ல? செத்தது பஞ்சம்மா இல்ல, ரோஜான்னு எழுதணும். எம் பேர எடுத்துட்டு அவ பேரப் போடணும். செய்வீகளா?"

"செய்றோம்மா" என்றேன். செய்தேன். தொகுப்பின் பெயரே ரோஜா குடும்பக் காகிதங்கள்.

பிறகு படிவத்தை எடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். மூன்றாவது பத்தியில், பொருள்கள் நிரந்தரமாக நூலகத்துக்கு உரிமையாகின்றன, திருப்பிக் கேட்க இயலாது என்று இருந்தது. வரிவரியாகத் தமிழில் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நான் இரண்டாவது பத்தியில் இருந்தபோது தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. அன்று அரைநாள் மட்டும் லீவு கேட்டிருந்தார், மதியம் வந்து ஏற்றிப்போகும் வேன் அது. சீசன். அவர் எழுந்து தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"திருப்பித் தருவீகள்ல?"

"எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்மா" என்றேன்.

அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பத்தியைப் படித்தால் பெட்டியைத் தர மாட்டார் என்ற பயமும் இருந்தது. நின்றபடியே ரோஜா சொல்லிக் கொடுத்த கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினார். வேனில் ஏறுவதற்கு முன் திரும்பிக் கையை ஆட்டினார்.

நூலகத்துக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். அந்த டைரியில் பல பக்கங்களின் கீழ் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கறை இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் லேசாக மினுங்கியது. வெடிமருந்துத் துகளாக இருக்கலாம், மற்ற காகிதங்களுக்கு ஆகாது என்று நினைத்தேன். மென்மையான தூரிகையால் தட்டி, ரப்பர் தூளைத் தூவி, பஞ்சால் ஒற்றி, பக்கம் பக்கமாக எடுத்தேன். இரண்டு நாள் ஆனது. எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. பதிவுத் தாளில், "பக்க ஓரங்களில் சாம்பல் நிற அழுக்கு. நீக்கப்பட்டது" என்று இரண்டு மொழியிலும் எழுதினேன். அய்யாதுரை சார் ஒரு பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமாப் பண்ணியிருக்கம்மா ஆர்த்தி" என்றார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு போனேன்.

இப்போது பஞ்சம்மாள் அந்த டைரியை மேசைமேல் வைத்துத் திறந்தார். எழுத்தைப் பார்க்கவில்லை. கீழ் ஓரத்தை மட்டும் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார். அடுத்த பக்கம். டைரியைத் தூக்கிச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். இன்னொரு பக்கம் சாய்த்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்த நேரம் அதுதான்.

"இது இல்ல தாயி."

"என்னம்மா?"

"எழுத்து அவ எழுத்துதான். ஆனா இது அந்த டைரி இல்ல. இதே மாதிரி வேற ஒண்ணு அச்சடிச்சு வச்சிருக்கீகளா? எங்க ஊர்லதான் எதையும் அதே மாதிரி அடிச்சுருவாகளே."

அய்யாதுரை சார் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தார். "ஒரிஜினல்தாம்மா. நாங்க எதையும் மாத்த மாட்டோம். நாளாக ஆகத் தாள்ல இருக்கறது கொஞ்சம் மங்கும். அது இயற்கை."

அவருக்குத் தெரியாது. தெரியாமல் அவர் சொன்னது எனக்கு நல்ல மறைவாக இருந்தது.

"அவ வெரலு இருந்துச்சு சார்" என்றார் பஞ்சம்மாள். "அலுமினியப் பவுடரு. எம்புட்டுத்தான் கழுவினாலும் ரெண்டு நாளைக்குப் போகாது. ஞாயித்துக்கெழம வேலைக்குப் போயிட்டு வந்து ராவு எழுதுவா. பக்கத்தப் புரட்டும்போது ஒட்டிக்கிரும். வருசம் ஒருக்கப் பெட்டியத் தெறக்கும்போது எம் வெரல அது மேல வச்சுப் பாப்பேன். அவளுது சின்ன வெரலு." தன் கையைப் பார்த்தார். "தொட்டுத் தொட்டு நாந்தான் அழிச்சிட்டேன் போல. எல்லாத்தையும் நாந்தான் கெடுப்பேன்."

அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நீங்க இல்லம்மா. நான்தான் அழிச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"வந்தவுடனே சுத்தம் பண்ணினேன். அழுக்குன்னு நெனச்சேன்."

அய்யாதுரை சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பஞ்சம்மாள் திட்டவில்லை, அழவும் இல்லை. அவர் நகக்கண்களில் அதே வெள்ளி நிறம் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் இருந்தது.

"அழுக்குதான்" என்றார். "எல்லாருக்கும் அப்படித்தான தெரியும்."

பிறகு டைரியை மூடி என் பக்கம் தள்ளினார். "வெள்ளிக்கெழமைக்குக் குடுப்பீகளா, மாட்டீகளா? அதச் சொல்லுங்க."

படிவத்தின் மூன்றாவது பத்தியை அப்போதுதான் சொன்னேன். படித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதையும் சொன்னேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொடுத்ததைத் திருப்பித் தர வழியில்லை என்றார் அய்யாதுரை சார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கண்காட்சிக்கு இரவல் கொடுக்க ஒரு படிவம் உண்டு. நூலகத்து ஆள் ஒருவர் கூடவே போய், கூடவே இருந்து, அன்றே திருப்பிக் கொண்டுவர வேண்டும். எண்ணெய், தண்ணீர், குங்குமம், விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நான் அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"கண்காட்சி நடக்கும் இடம், விஸ்வநத்தம்" என்று படித்தார். "எதிர்பார்க்கும் பார்வையாளர்கள்னு ஒரு கட்டம் இருக்கே. காலியா விட்டிருக்க?"

"எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியலை சார்."

"சொந்தக்காரங்கன்னு எழுது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, டைரி இருந்த வெள்ளைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வாசலில் வாழை கட்டியிருந்தது. பானுப்பிரியா ஓடி வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"யம்மா, அக்காவக் கூட்டியாந்துட்டாக! ஜாமீன்ல விட்டிருக்காகளாம்." என்னிடம் திரும்பி, "எம்புட்டு நேரம் ஜாமீன்?" என்றாள்.

"ஏழு மணிக்குள்ள கொண்டுபோகணும்."

"கூடவே போலீஸும் வந்துருக்கு பாரு" என்றாள். நான் அந்தப் போலீஸ். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பஞ்சம்மாள் சிரிக்கவில்லை. வாங்க என்று மட்டும் சொன்னார்.

புது ஓலைப் பெட்டி வாங்கியிருந்தார்கள். அதன் முன் இலை விரித்து, புதுப் பாவாடையும் தாவணியும் வளையலும் கதம்பமும் வைத்தார்கள். துணிமேல் டைரியை நான் வைத்தேன். விளக்கை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்ல வாய் வந்தது. நான் சொல்வதற்குள் சங்கிலிமுத்துவே நகர்த்தி வைத்தார். பட்டாசுக்காரர் வீட்டில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பானுப்பிரியா பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். கன்னியின் முன் வைத்துக் கும்பிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஈர மஞ்சள் கையோடே டைரியைத் திறந்தாள். "அக்கா போட்ட பதினஞ்சு புள்ளிக் கோலம் இதுல இருக்கு, கல்யாணத்தன்னைக்கு வாசல்ல அதத்தான் போடணும்" என்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் ஓரத்திலும் மஞ்சள் விரல் பதிந்தது. எழுந்து தடுப்பதுதான் என் வேலை. பஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். நான் எழவில்லை.

கடைசியில் பஞ்சம்மாள் வந்து உட்கார்ந்தார். முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தார். விரல்களை விரித்து, ஈரம் இல்லை என்று என்னிடம் காட்டினார். அதன் பிறகுதான் டைரியைத் தொட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கும்பிட்டு முடிந்து பழைய துணியை எடுத்தார்கள். போன பொங்கலுக்கு வைத்த ஊதாத் தாவணியும் பாவாடையும். இத்தனை வருஷமும் அதை உடுத்தியது பானுப்பிரியா. இனி அவள் உடுத்த முடியாது. வீட்டில் கல்யாணமாகாத பெண் வேறு யாரும் இல்லை. பஞ்சம்மாள் துணியைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்மா" என்றேன். "நான் எப்படி வாங்குவேன்?"

"ஒனக்குன்னு குடுக்கல. கன்னி துணி உடுத்தாமக் கெடக்கக் கூடாது. கல்யாணமாகாத புள்ள ஒண்ணு வந்து ஒக்காந்திருக்கு, வேற யாருக்குக் குடுக்கச் சொல்லுத?" முதன்முறையாக என்னை நீ என்றார். "ஒம்மேல எனக்குக் கோவம் இருக்கு. அது இருந்துட்டுப் போகுது. இதப் பிடி."

வாங்கிக்கொண்டேன். துணியில் கதம்ப வாசனையும் ஓலை வாசனையும் இருந்தன.

வெள்ளி இரவே நூலகத்தில் ஒப்படைத்த டைரியைத் திங்கட்கிழமை அதன் இடத்தில் வைக்கும்போது பதிவுத் தாளை எடுத்தேன். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே இரண்டு மொழியிலும் எழுதினேன். "மேலே அழுக்கு என்று குறித்தவை ரோஜாவின் விரல் தடங்கள். அலுமினியத் தூளால் பதிந்தவை. இன்னவை என்று விசாரிக்காமல் நீக்கியவர் ஆர்த்தி, நூலக உதவியாளர். இப்போது உள்ள மஞ்சள் தடங்கள் தங்கை பானுப்பிரியாவுடையவை. இவற்றை நீக்கக் கூடாது. படிவத்தின் மூன்றாம் பத்தி கொடுத்தவருக்குப் படித்துக் காட்டப்படவில்லை."

அய்யாதுரை சார் இரண்டு தரம் படித்தார். "கடைசி வரி வேணுமாம்மா? நாளைக்கு யாராவது இதை வச்சுக் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. தாளைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்துப் பஞ்சம்மாள் போன் செய்தார். பின்னால் வேன் சத்தம்.

"வர்ற பொங்கலுக்கும் ஜாமீன் கெடைக்குமா?"

"நானே கொண்டுவர்றேம்மா."

"துணிய உடுத்துனியா?"

இல்லை என்றேன். அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது. எடுக்கும்போதெல்லாம் திரும்ப வைத்துவிடுகிறேன்.

யாரோ அவரை ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"உடுத்து" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.